கம்ப்யூட்டருக்குள் ஓர் ஒற்றன்!

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். டெய்லர், செக்கிங் பெண்கள், அயர்ன் போடுகிறவர் எல்லாரும் அன்று மாலையை எதிர்பார்த்து இருப்பார்கள். மளிகைக் கடை பாக்கி, பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம், ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் அந்தப் பணத்தில்தான்.

அந்தப் பணம் எங்கே இருந்து வருகிறது? அந்தக் காலத்தில் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்து வந்தது. இப்போது அது பாங்கிக் கணக்கில் இருக்கிறது. கணக்கைத் திறப்பது ஆபீஸ் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர்.

இரும்புப் பெட்டிக்குச் சாவி உண்டு. முதலாளி அதை இடுப்பை விட்டு எடுக்கமாட்டார். கம்ப்யூட்டர் கணக்குக்கும் சாவி உண்டு. அதன் பெயர் பாஸ்வேர்டு. அதைத் திருடப் பூட்டை உடைக்க வேண்டாம். கன்னம் வைக்க வேண்டாம். சாவி போடும்போது முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தால் போதும்.

அப்படி நின்று பார்ப்பதற்கென்றே ஒருவன் இருக்கிறான். அவனுக்கு உடம்பு கிடையாது. சத்தம் கிடையாது. அவன் ஒரு புரோகிராம். "ஸ்பைவேர்" என்று பெயர். ஸ்பை என்றால் ஒற்றன்.

என்ன செய்வான்?

கம்ப்யூட்டரில் புகுந்துகொள்ளும் கெட்ட புரோகிராம்களில் பல சாதிகள் உண்டு. சில, பைல்களை அழிக்கும். சில, எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, "பணம் கொடு, திறக்கிறேன்" என்று மிரட்டும். இவை கொள்ளைக்காரன் மாதிரி. வந்தது உடனே தெரிந்துவிடும்.

ஒற்றன் அப்படி அல்ல. அவன் எதையும் உடைக்கமாட்டான். கம்ப்யூட்டர் நன்றாக ஓட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை! நன்றாக ஓடினால்தானே நீங்கள் தினமும் உட்கார்ந்து வேலை செய்வீர்கள்? நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அவன் குறித்துக்கொள்வான். திரையைப் படம் பிடிப்பான். "பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று பிரவுசர் கேட்கும்போது, "சரி" என்கிறோம் அல்லவா? அந்தப் பட்டியலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவான்.

இன்னொரு தந்திரமும் உண்டு. பொருட்காட்சியில் டிக்கெட் வாங்கி உள்ளே போனவர் வெளியே வந்தால், கையில் ஒரு முத்திரை குத்துவார்கள். அதைக் காட்டி மறுபடி நுழையலாம். டிக்கெட் வேண்டாம். இணையதளங்களும் இப்படி ஒரு முத்திரையை உங்கள் கம்ப்யூட்டரில் வைக்கின்றன. "குக்கீ" என்பது அதுதான். அந்த முத்திரையை ஒற்றன் திருடிவிட்டால், பாஸ்வேர்டு இல்லாமலேயே உங்கள் மெயிலுக்குள் ஒருவன் போய் உட்காரலாம்.

திருடியதை எல்லாம் எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் தன் எஜமானுக்கு இணையத்தின் வழியாக அனுப்புவான். மறுபடி வந்து வேலையைத் தொடங்குவான்.

திருக்குறளில் "ஒற்றாடல்" என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. துறவி வேடத்தில் போய் வேவு பார்ப்பவனைப் பற்றி வள்ளுவர் அதில் சொல்கிறார். இந்தக் காலத்து ஒற்றனும் வேடம் போட்டுத்தான் வருகிறான். பில் வேடம், விளையாட்டு வேடம். சில சமயம், "ஒற்றனைப் பிடித்துத் தருகிறேன்" என்று போலீஸ்காரன் வேடம்!

கூடங்குளத்தில் புகுந்தான்

இது ஏதோ விவரம் தெரியாதவர் வீட்டில் நடக்கிற சங்கதி என்று எண்ண வேண்டாம். நாட்டிலேயே பலத்த காவல் உள்ள இடங்களில் ஒன்றில் நடந்தது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில்!

தலா 1,000 மெகாவாட் திறன் உள்ள 2 அணு உலைகள் அங்கே ஓடுகின்றன. அந்த மின்சாரத்தில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சோமனூரில் தறி ஓடுவதும், கோவைப் பட்டறையில் லேத் சுற்றுவதும் எல்லா நிலையங்களின் மின்சாரமும் கலந்து வரும் அந்தப் பொதுக் கம்பியை நம்பித்தான்.

2019-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி. சந்தேகமான புரோகிராம்களைப் போட்டுப் பரிசோதிக்கும் இணையதளம் ஒன்றில் ஒரு புரோகிராம் கண்ணில் பட்டது. அதன் பெயர் "டிட்ராக்". கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே, கே.கே.என்.பி.பி. என்ற எழுத்துகள் இருந்தன. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அது! செய்தி தீப்போலப் பரவியது.

மறுநாள், 29-ந் தேதி. அணுமின் நிலையம் மறுப்பு வெளியிட்டது. அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் வெளி இணைப்பு இல்லாதவை. அவற்றைத் தாக்கவே முடியாது. பரவுவது பொய்த் தகவல் என்பது அதன் சாரம்.

அதற்கும் மறுநாள், 30-ந் தேதி. நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகமே வாய் திறந்தது. ஆம், கெட்ட புரோகிராம் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை என்றது. கம்ப்யூட்டர் ஆபத்துகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான "செர்ட்-இன்" அதைக் கண்டு, செப்டம்பர் 4-ந் தேதியே தகவல் சொல்லியிருக்கிறது. அணுசக்தித் துறை நிபுணர்கள் உடனே விசாரித்திருக்கிறார்கள். நிர்வாக வேலைக்காக இணையத்துடன் இணைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் அது இருந்தது. உலையை இயக்கும் கம்ப்யூட்டர்களுக்குப் பாதிப்பு இல்லை. இப்படி அறிவித்தார்கள்.

செப்டம்பர் 4 எங்கே, அக்டோபர் 30 எங்கே? நடுவில் 56 நாட்கள்.

டிட்ராக் சாதாரண ஆசாமி அல்ல. தட்டும் எழுத்துகளைக் குறித்துக்கொள்வது, எந்தெந்த இணையதளம் பார்த்தார்கள் என்று பட்டியல் எடுப்பது, டிஸ்கில் உள்ள எல்லா பைல்களின் பெயரையும் திரட்டுவது, பக்கத்தில் என்னென்ன கம்ப்யூட்டர்கள் இணைந்திருக்கின்றன என்று பார்ப்பது இவை எல்லாம் அதன் வேலை. ரஷ்யாவைச் சேர்ந்த காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019 செப்டம்பரில்தான் இதைப் பற்றி அறிக்கை விட்டது. இதற்கு ஒரு பங்காளியும் இருந்தான். இந்திய பாங்கிகளின் ஏ.டி.எம். இயந்திரத்துக்குள் உட்கார்ந்து, செருகப்படும் கார்டுகளின் விவரத்தைப் படிப்பவன். இருவரும் "லாசரஸ்" என்ற கூட்டத்தின் கைவேலை என்று அந்த நிறுவனம் சொன்னது. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் வடகொரியா இருக்கிறது என்பது அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு.

உலை தப்பியது எப்படி?

நிர்வாக ஆபீசில் ஒற்றன் உட்கார்ந்திருந்தான். சில சுவர்களுக்கு அப்பால் அணு உலை ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இந்தக் கம்ப்யூட்டரில் இருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குக் கம்பி இல்லை! சாமர்த்தியமான எந்தப் புரோகிராமையும்விட, இல்லாத அந்தக் கம்பிதான் பெரிய காவல்.

கம்பி இல்லை என்பதற்காகக் கண்ணை மூடித் தூங்கிவிடவும் முடியாது. 2010-ம் ஆண்டில் "ஸ்டக்ஸ்நெட்" என்ற புரோகிராம் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரான் நாட்டில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுக்கவே அதைச் செய்திருந்தார்கள். பென் டிரைவில் தொற்றிப் பரவும் வித்தை அதற்குத் தெரியும். கம்பி இல்லாத இடத்துக்குப் பென் டிரைவ் நடந்து போகும்!

அணு உலைக்கு உள்ள இந்த யோசனை பனியன் கம்பெனிக்கு ஏன் கூடாது? கொங்கு நாட்டில் எத்தனையோ ஆபீஸ்களில் ஒரே கம்ப்யூட்டர்தான். அதிலேதான் பையரின் மெயில் வரும். அதிலேதான் டேலிக் கணக்கு. அதிலேதான் பாங்கிப் பட்டுவாடா. சாப்பாட்டு நேரத்தில் அதிலேதான் சினிமா. பள்ளி விடுமுறை என்றால் முதலாளியின் பையன் வந்து விளையாடுவதும் அதிலேதான்! அரிசி மூட்டையையும் மண்ணெண்ணெய் டின்னையும் ஒரே மூலையில் வைத்தது போல.

கும்பகோணத்துப் பிரிண்டர்

2018 பிப்ரவரி. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பாங்கியில் ஒரு பிரிண்டர் வேலை செய்யவில்லை. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான "ஸ்விப்ட்" இணைப்பில் இருந்த பிரிண்டர் அது. பிரிண்டர் நின்றுபோவது எந்த ஆபீசில் நடக்காத அதிசயம்?

ஆனால் அதை நிறுத்தியதே திருடர்கள்! பணம் அனுப்பியதற்கான ஒப்புதல் சீட்டு அச்சாகி வெளியே வந்துவிடக்கூடாது என்பதற்காக. மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. பாங்கி அனுப்பாத 3 பட்டுவாடாக்கள். மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று. துபாய்க்குப் போன பணம் வழியிலேயே தடுக்கப்பட்டது. மற்றவற்றை மீட்கப் பாங்கி நாடு நாடாக முயற்சியில் இறங்க வேண்டி வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்காளதேசத்தின் மத்திய வங்கியிலும் இதே கதைதான். அங்கேயும் பிரிண்டர் நின்றது. 8 கோடியே 10 லட்சம் டாலர் போயிற்று. திருடர்கள் அன்றைக்கு நுழைந்தவர்கள் அல்ல. சுமார் ஓராண்டுக்கு முன்பே, வேலை கேட்டு மனு அனுப்புவது போல மெயில் அனுப்பி உள்ளே வந்தவர்கள். அத்தனை மாதமும் யார் எந்த நேரத்தில் வருகிறார்கள், எப்படிப் பணம் அனுப்புகிறார்கள் என்று வேவு பார்த்துக்கொண்டே இருந்தார்கள். லீவு நாட்கள் எவை என்றுகூடத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

எந்த வழியாக வருகிறான்?

பெரிய இடத்துக் கதை போதும். திருப்பூருக்கே வருவோம்.

கணக்குப்பிள்ளை காலையில் மெயிலைத் திறக்கிறார். "புதிய ஆர்டர். அவசரம். விவரம் இணைப்பில்" என்று ஒன்று. வெளிநாட்டுக் கம்பெனிப் பெயர். ஆர்டர் என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? இணைப்பைத் தட்டுகிறார். எதுவும் திறக்கவில்லை. "பைல் கெட்டுப்போயிருக்கும்" என்று விட்டுவிடுகிறார். கெட்டுப்போகவில்லை. ஒற்றன் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான்.

இப்படிப்பட்ட பைலுக்கு ஓர் அடையாளம் உண்டு. பெயரின் கடைசியில் பி.டி.எப். என்று இருப்பதுபோலத் தோன்றும். உண்மையான கடைசி எழுத்துகள் இ.எக்ஸ்.இ. என்று இருக்கும். அப்படி இருந்தால் அது காகிதம் அல்ல, புரோகிராம். விண்டோஸ் இந்தக் கடைசி எழுத்துகளை வழக்கமாக மறைத்துவிடுகிறது. இது ஒரு கெட்ட வழக்கம். பைல்களைப் பார்க்கும் ஜன்னலில் "வியூ" என்ற இடத்தில் "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதைக் காட்டும்படி வைத்துக்கொண்டால் வேடம் கலைந்துவிடும். பூட்டிய ஜிப் பைலை அனுப்பி, அதன் பாஸ்வேர்டையும் அதே மெயிலில் எழுதியிருந்தால், மிகவும் ஜாக்கிரதை. உங்களுக்காகப் போட்ட பூட்டு அல்ல அது. சோதிப்பவன் உள்ளே பார்க்கக்கூடாது என்று போட்ட பூட்டு.

மெயில் பாஸ்வேர்டு போனால் என்ன ஆகும்? திருடன் உடனே எதுவும் செய்யமாட்டான். வரும் கடிதம், போகும் கடிதம் எல்லாம் படிப்பான். சரக்கு கப்பல் ஏறும்வரை காத்திருப்பான். பணம் வரவேண்டிய வாரத்தில், கம்பெனி எழுதுவது போலவே பையருக்கு ஒரு கடிதம்: "எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது. புதிய எண் இது." பையர் பணத்தை அனுப்பிவிடுவார். சரக்கும் போயிற்று, பணமும் போயிற்று! உலகம் முழுவதும் ஏற்றுமதித் தொழிலில் நடக்கிற மோசடி இது. கணக்கு எண் மாறியதாகக் கடிதம் வந்தால், பழைய டைரியில் இருக்கும் நம்பருக்கு டெலிபோன் செய்து குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்திலேயே இருக்கும் நம்பரைக் கூப்பிடுவதில் பயன் இல்லை. எடுப்பவன் திருடனாகவே இருப்பான்.

இரண்டாவது வழி, திருட்டுச் சாப்ட்வேர். ஆயிரக்கணக்கில் விலை உள்ள டிசைன் சாப்ட்வேர், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. பூட்டை உடைத்துக் கொடுக்கும் "கிராக்" கூடவே வருகிறது. அதைப் போடும் முன், "ஆன்டி வைரசை நிறுத்திவிடுங்கள்" என்று ஒரு குறிப்பு இருக்கும். "வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்புங்கள், அப்புறம் வருகிறேன்" என்று சொல்லும் விருந்தாளியை யாராவது வாசலில் சேர்ப்பார்களா? ஆனால் கம்ப்யூட்டரில் மட்டும் சேர்க்கிறார்கள்! பிள்ளைகள் இறக்கும் விளையாட்டுக் குறுக்குவழிப் புரோகிராம்களும் இதே ரகம்தான்.

சில ஆண்டுகளாக ஒரு புதுத் தந்திரம் நடக்கிறது. "நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்" என்று ஓர் இணையதளம் கேட்கும். வழக்கமான கேள்விதானே என்று இருந்தால், "விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். பிறகு கன்ட்ரோலும் வி எழுத்தும். பிறகு என்டர்" என்று சொல்லும். அழுத்தினால் தீர்ந்தது. உங்கள் கையாலேயே ஒற்றனைக் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள் என்று அர்த்தம். "லும்மா" என்ற ஒற்றனைப் பரப்பிய வழிகளில் இதுவும் ஒன்று. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை, இரண்டே மாதத்தில், உலகில் 3 லட்சத்து 94 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் லும்மாவைக் கண்டதாக மைக்ரோசாப்ட் நிறுவனம் அறிவித்தது. எந்த உண்மையான இணையதளமும் இப்படிப் பட்டன்களை அழுத்தச் சொல்லாது.

டெலிபோனிலும் வருவான். "மைக்ரோசாப்ட் கம்பெனியில் இருந்து பேசுகிறோம். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்பான். தூரத்தில் இருந்தே சரிசெய்வதாகச் சொல்லி ஒரு செயலியைப் போடச் சொல்வான். நீங்கள் கூப்பிடாமல் மைக்ரோசாப்ட் உங்களைக் கூப்பிடாது. போனை வைத்துவிடலாம்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் பென் டிரைவையும் மறக்க வேண்டாம். ஊரில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களின் நோயும் அங்கே சந்திக்கும்.

இருப்பது தெரியுமா?

"ஏனுங்க, ரெண்டு நாளா சிஸ்டம் ரொம்ப இழுக்குதுங்க."

"பழைய பொட்டிங்க. அப்படித்தான் இருக்கும். ஒருக்கா ஆப் பண்ணிப் போடுங்க."

கோவைப் பக்கத்தில் எந்த ஆபீசிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. பெரும்பாலும் அந்தப் பதில் சரியாகவே இருக்கும். பஞ்சு பறக்கும் மில் ஆபீசில் காற்றாடி தூசியால் அடைத்தாலும் கம்ப்யூட்டர் இழுக்கும். மெதுவாக ஓடுகிறது என்பதற்காக மட்டும் ஒற்றன் என்று கலங்க வேண்டாம்.

ஆனால் ஆன்டி வைரஸ் தானாக நின்றிருந்தால்? யாரும் போடாத புரோகிராம் பட்டியலில் இருந்தால்? பிரவுசரைத் திறந்தால் வழக்கமான பக்கத்துக்குப் பதில் வேறு ஏதோ வந்தால்? யாரும் பேசாத நேரத்தில் கேமரா விளக்கு எரிந்தால்? நீங்கள் அனுப்பாத கடிதம், "அனுப்பியவை" பெட்டியில் கிடந்தால்? நடு இரவில், "வேறு ஊரில் இருந்து உங்கள் கணக்கில் நுழைந்தார்கள்" என்று மெயில் கம்பெனியே எச்சரித்தால்? அப்போது பழைய பெட்டி மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்கக் கூடாது.

கெட்டிக்கார ஒற்றன் இதில் ஒன்றைக்கூடக் காட்டமாட்டான். அதனால்தான் கோளாறு தெரியாவிட்டாலும் மாதம் ஒரு முறை முழுச் சோதனை போடுவது நல்லது.

வெளியேற்றுவது எப்படி?

சந்தேகம் வந்தவுடன் முதல் காரியம், இணையத்தைத் துண்டிப்பது. கம்பியைப் பிடுங்குங்கள். வை-பையை நிறுத்துங்கள். ஒற்றன் அறைக்குள் இருக்கட்டும், கதவு சாத்தியாகிவிட்டது.

அடுத்து, பாஸ்வேர்டு மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஒற்றன் இருக்கும் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றுகிறார்கள். புதுச் சாவியையும் அவன் கையிலேயே கொடுப்பதுதான் அது! வேறு நல்ல கம்ப்யூட்டரிலோ போனிலோ மாற்ற வேண்டும். முதலில் மெயில். மற்ற எல்லாக் கணக்குகளையும் மாற்றும் வழி மெயிலில்தான் இருக்கிறது. பிறகு பாங்கி. மாற்றும்போதே, "எல்லாக் கருவிகளில் இருந்தும் வெளியேறு" என்பதையும் தட்டவேண்டும். திருடிப்போன முத்திரை அப்போதுதான் செல்லாமல் போகும். உங்கள் கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி யாராவது ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்றும் மெயில் அமைப்பில் பாருங்கள். பாஸ்வேர்டு மாற்றினாலும் அந்த ஏற்பாடு நிற்காது.

இனி, ஆசாமியைப் பிடிக்கலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் "விண்டோஸ் செக்யூரிட்டி" கூடவே வருகிறது. காசு கிடையாது. அதில் "ஸ்கேன் ஆப்ஷன்ஸ்" என்ற இடத்தில், "மைக்ரோசாப்ட் டிபெண்டர் ஆப்லைன்" என்று ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் கம்ப்யூட்டர் நின்று மறுபடி கிளம்பும். ஒற்றன் விழிக்கும் முன்பே சோதனை நடக்கும். சுமார் கால் மணி நேரம் ஆகும். பிறகு, போட்டது யார் என்று தெரியாத புரோகிராம்களையும், பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருக்கும் "எக்ஸ்டென்ஷன்"களையும் நீக்க வேண்டும்.

ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது வள்ளுவர் யோசனை. இங்கேயும் அது பொருந்தும். ஒரு சோதனையோடு நிறுத்தாமல் இன்னொரு நிறுவனத்தின் சோதனையும் போடலாம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு "சைபர் ஸ்வச்தா கேந்திரா" என்ற அமைப்பைத் தொடங்கியது. செர்ட்-இன் நடத்துகிறது. கெட்ட புரோகிராம்களை நீக்கும் கருவிகளை அதன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறார்கள். சென்னையைச் சேர்ந்த கே-7 நிறுவனத்தின் கருவியும் அங்கே உண்டு. பென் டிரைவுக்குக் காவல் வைக்கும் "யு.எஸ்.பி. பிரதிரோத்" என்ற கருவியும் இருக்கிறது.

ஆனால் திடீரென்று திரையில் குதித்து, "47 வைரஸ் இருக்கிறது, இங்கே தட்டுங்கள்" என்று அலறும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். போலீஸ் வேடம் போட்ட ஒற்றன் அவன்தான்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால்? கணக்கு, கடிதம், படங்களை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு, டிஸ்க்கை முழுவதும் துடைத்து விண்டோசைப் புதிதாகப் போட வேண்டியதுதான். பணம் புழங்கும் கம்ப்யூட்டரில் சந்தேகம் இருந்தால், முதலிலேயே இதைச் செய்வது மேல். அரைநாள் வேலை கெடும். கெட்டால் கெடட்டும்.

ஒளிக்காதே!

பணம் போய்விட்டது தெரிந்தால் உடனே பாங்கிக்குச் சொல்ல வேண்டும். கூடவே 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்ய வேண்டும். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. பணம் ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எங்காவது ஓர் இடத்தில் நிற்கும்போது பிடித்தால்தான் உண்டு. வாடிக்கையாளர் கவனக்குறைவு இல்லாமல் நடந்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் வரக்கூடாது என்று, 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி பாங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு!

ஆனால் நடப்பது என்ன? இணைப்பைத் தட்டிய பையன் பயந்துபோகிறான். "நான்தான் தட்டினேன் என்று சொன்னால் வேலை போய்விடுமே!" யாரிடமும் சொல்வதில்லை. நான்கு நாள் கழித்துக் கணக்கு பார்க்கும்போதுதான் முதலாளிக்குத் தெரிகிறது. கூடங்குளத்தைப் போன்ற பெரிய இடமே ஒரு நாள் மறுத்து, மறுநாள் ஒப்புக்கொண்டது. மாதச் சம்பளக்காரப் பையன் என்ன செய்வான்? உடனே வந்து சொன்னவனை முதலாளி திட்டினால், அடுத்த தடவை அவன் சொல்லமாட்டான். அதனால் வரும் நஷ்டம் முதலாளிக்குத்தான்.

இன்னொன்று. மனைவியை, பங்காளியை, வேலைக்காரரை வேவு பார்க்க, தாமே ஒற்றனை வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெட்கக்கேடான காரியம். குற்றமும்கூட. பிறர் கம்ப்யூட்டரில் அனுமதி இல்லாமல் கெட்ட எண்ணத்துடன் இப்படிப் புகுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ம் பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறை, 5 லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கும்.

தனிப் பெட்டி

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை இனி வழக்கம்போல அடைத்துத் தரமாட்டார்கள். கொங்கு நாட்டு ஆபீஸ்களில் இப்படிப்பட்ட பழைய கம்ப்யூட்டர்கள் ஏராளம். அவற்றைத் தூக்கி எறிய மனம் வராது. டிசைன் பார்க்க, லேபிள் அச்சடிக்க வைத்துக்கொள்ளட்டும். பாங்கி வேலைக்கு மட்டும் வேண்டாம்.

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர்தான் என்றால், பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு யூசர் கணக்கு திறந்து கொடுக்கலாம். "ஸ்டாண்டர்டு" என்ற வகை. அதில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றக்கூடிய புரோகிராமைப் போட முயன்றால் பெரியவர் பாஸ்வேர்டு கேட்கும். எல்லா ஒற்றனையும் இது தடுக்காது. பலரைத் தடுக்கும்.

கம்பெனி என்றால் பணத்துக்கென்று ஒரு சிறிய கம்ப்யூட்டர் தனியாக இருக்க வேண்டும். புதிதாக, விலை குறைந்ததாக இருந்தால் போதும். அதில் மெயில் இல்லை. சினிமா இல்லை. பையன் விளையாட்டு இல்லை. பென் டிரைவ் செருகுவது இல்லை. மற்ற நாட்களில் துணி போட்டு மூடிவைத்துவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை முதலாளியும் கணக்குப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து திறப்பார்கள். தையல் பிரிவு, செக்கிங் பிரிவு, பேக்கிங் பிரிவு என்று பெயர் பெயராகச் சரிபார்த்து, மறுநாள் சம்பளத்தை ஏற்றிவிட்டு, மறுபடி மூடுவார்கள்.